மம்பட்டி முறை

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். அடுத்தவர் எச்சில் பட்ட டம்ளரைத் தூரத்தில் பார்த்தாலே தொண்டை ஏறி இறங்கும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினால் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஆண்டவன் என்னைப் படைக்கும்போது மூக்கை முதலில் செய்துவிட்டு மற்றதை அவசரமாக ஒட்டவைத்தான் என்று என் மனைவி சொல்வாள். இப்படிப்பட்டவனைத்தான் எழுபதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சாரண ஆசிரியராகப் போட்டார்கள். நான் ஒல்லியாக இருக்கிறேனாம், அரைக்கால் சட்டை எடுப்பாக இருக்குமாம். தலைமை ஆசிரியர் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

சாரணர் என்றால் ஊரில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை முதல் வருடமே தெரிந்துகொண்டேன். காக்கி உடுப்புப் போட்ட ஓசி ஆள். மேடைக்கு எதிரே கயிறு பிடிக்க, கார் வந்தால் விசிலடித்து ஆடு மாட்டை விரட்ட, பெரிய மனிதர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் தண்ணீர் ஊற்ற. எங்கள் பள்ளிக் கமிட்டித் தலைவர் நிலபுலன் உள்ளவர், அரிசி ஆலை வைத்திருந்தார். அவருடைய மகள் கல்யாணத்துக்கு நானும் என் பையன்கள் முப்பது பேரும் போனோம். போனோம் என்ன, அனுப்பப்பட்டோம். பையன்கள் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவனை மட்டும் தலைவரின் ஆள் தோளைத் தொடாமல் விரலால் சுட்டிக் கூப்பிட்டு, தண்ணீர் வாளியைக் கீழே வைக்கச் சொன்னான். அவனுக்கு எச்சில் இலை எடுக்கும் வேலை. அன்று நான் பந்தியில் உட்காரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். தலை நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு. டவுனில் அப்போதெல்லாம் எடுப்புக் கக்கூஸ்கள்தான். விடிவதற்கு முன்னால் ஆள் வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அவனுடைய அப்பா அந்த வேலை செய்தவர். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், வேண்டும்போது ஞாபகப்படுத்திக்கொள்வதிலும் கெட்டிக்காரர்கள்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு நான் ஏன் அந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன் என்றால், சனிக்கிழமை சாயங்காலங்களுக்காகத்தான். பள்ளிக்கூடம் காலியாக இருக்கும். வேப்ப மரத்தடியில் பையன்கள் கயிறும் தடியுமாக உட்கார்ந்து முடிச்சுப் போடுவார்கள். புலி அணி, மயில் அணி, காளை அணி என்று பிரித்து வைத்திருந்தேன். புலி அணி எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை, ஆனால் சத்தம் மட்டும் புலிச் சத்தம். ஒரு தேர்த் திருவிழாவில் வெயில் தாங்காமல் விழுந்த ஒரு மனிதரை, இரண்டு தடியில் இரண்டு சட்டையை மாட்டித் தூக்குக் கட்டிலாக்கி, கூட்டத்துக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் சொல்லவில்லை. நான் எங்கேயோ மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சட்டையில்லாமல் நின்று என்னைப் பார்த்துச் சல்யூட் அடித்தார்கள். வாத்தியார் வேலையில் அப்படிப்பட்ட சந்தோஷம் சம்பளத்தோடு வருவதில்லை.

அரைப் பரீட்சை லீவில் ரஞ்சன்குடியில் முகாம் போடுவது என்று முடிவாயிற்று. கோட்டைக்குப் பக்கத்தில் புளிய மரங்கள் உள்ள மேட்டு நிலம். பெரம்பலூருக்குப் போய் பஸ் மாற வேண்டும். பையன்களில் பாதிப் பேர் அதற்கு முன்னால் பெரம்பலூரைத் தாண்டியதில்லை.

முகாம் என்றால் கூடாரம் அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கக்கூஸ் குழி. நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, சுற்றி மறைப்பாக ஓலைப் படல் கட்டி, பக்கத்தில் சாம்பலும் மண்ணும் மம்பட்டியும் வைக்க வேண்டும். போய் வருகிறவன் சாம்பல் தூவி மண் தள்ள வேண்டும். காலையும் மாலையும் ஒரு அணி போய் அதைச் சரிபார்த்து, ஓரங்களைச் சுத்தம் செய்து, நிரம்பிய பக்கத்தை மூட வேண்டும். தினம் ஒரு அணி. அதற்கு மம்பட்டி முறை என்று பையன்களே பெயர் வைத்திருந்தார்கள். சாரண ஆசிரியரும் ஒரு முறை செய்தாக வேண்டும். பயிற்சி முகாமில் நான் அதைச் செய்தபோது கழுத்துத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மண் தள்ளி, கால் தவறி, அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

இந்த முறையைக் கேள்விப்பட்டதும் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். கமிட்டித் தலைவரின் இளைய மகனும் என் சாரணர் படையில் இருந்தான், புலி அணிக்குத் தலைவன். பெரிய வீட்டுப் பிள்ளைகளை இந்த வேலைக்கு விடுவது நன்றாக இருக்காது என்றார். பிறகு குரலைத் தணித்து, பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி ஒரு யோசனை சொன்னார்.

"அதான் ஒரு பையன் இருக்கான்ல சார். அவனுக்கு என்ன, பழக்கம்தானே. முகாம் பூரா அவனையே பாத்துக்கச் சொல்லிடுங்க."

அவர் மேசையில் ஒரு தட்டில் வறுத்த கடலை இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுக்கவில்லை. சாக்கடையோரம் நடக்கும்போது வருகிற குமட்டல் எனக்குப் பழகியது. நாற்காலியில் உட்கார்ந்து, சுத்தமான வேட்டி கட்டிய ஒருவர் பேசுவதைக் கேட்டு அதே குமட்டல் வந்தது அன்றுதான். எல்லோருக்கும் முறை உண்டு, ஒருவனுக்கு மட்டும் என்றால் முகாமே வேண்டாம் என்று, அவர் அரைமனதாகத் தலையாட்டும் வரை வாதாடினேன்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பையனின் அப்பா வந்தார். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகன் முகாமுக்குப் போவதில் அவருக்குச் சந்தோஷம்தான். துணி, தட்டு, போர்வை எல்லாம் தயார் என்றார். பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க. வெறவு பொறக்கட்டும், தண்ணி தூக்கட்டும், பள்ளம் வெட்டச் சொன்னாலும் வெட்டட்டும். கக்கூஸ் வேலைய மட்டும் எம் புள்ள தொடப்படாதுங்க. அது என்னோட போவட்டும்."

அவர் கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சரி என்றேன். வாக்கு மாற மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

போன பிறகுதான் சிக்கல் புரிந்தது. எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்று நான்தான் தலைமை ஆசிரியரிடம் மல்லுக்கு நின்றேன். இப்போது ஒருவனுக்கு மட்டும் விலக்கு என்றால், பெரிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக விலக்குக் கேட்டு வருவார்கள். விலக்கு இல்லை என்றால், அந்த மனிதருக்குக் கொடுத்த வாக்கு குழியில் போகும். ஒரு பக்கம் நியாயம், இன்னொரு பக்கமும் நியாயம்.

படையில் ஒரு வழக்கம் உண்டு. முகாம் விஷயங்களை அணித் தலைவர்கள் கூடி முடிவு செய்வார்கள். சாரண ஆசிரியர் உட்கார்ந்து கேட்கலாம், அவர்கள் முடிவை மாற்றக் கூடாது. ரஞ்சன்குடிக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம், கோட்டை அகழி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து அவர்கள் கூடினார்கள். நம்மில் ஒருவனுடைய வீட்டில் அவன் இந்த வேலையைத் தொடக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள், நான் சரி என்று சொல்லிவிட்டேன், என்ன செய்யலாம் என்று கேட்டேன். யார் என்று ஒருவனும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அகழித் தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தார்கள்.

மயில் அணித் தலைவன், அவன் அதற்குப் பதிலாக இரண்டு மடங்கு தண்ணீர் தூக்கட்டும் என்றான். அது தண்டனை மாதிரி இருக்கும் என்று காளை அணித் தலைவன் சொன்னான். கடைசியில் வாயைத் திறந்தவன் கமிட்டித் தலைவரின் மகன்.

"எங்க வூட்ல சமையல் நடக்குறப்ப கக்கூஸ் போயிட்டு வந்தவங்கள அடுப்படிக்குள்ள வுட மாட்டாங்க சார். அதே மாதிரி வச்சுக்குவோம். மம்பட்டி முறைல இருக்குறவன் சமைக்கக் கூடாது. சமைக்கிறவன் குழிப் பக்கம் போவக் கூடாது. அவன் எங்க அணிதானே, எங்க முறை வர்ற அன்னிக்கு அவன் சமைக்கட்டும்."

மற்ற இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அவன் நன்றாகச் சமைப்பான், சாம்பாரில் புளியை அளவாக விடுவான் என்று ஒருவன் சொன்னான். அதோடு பேச்சு கபடிக்குப் போய்விட்டது. எனக்குத்தான் எழுந்திருக்கத் தோன்றவில்லை. எந்த வீட்டின் அடுப்படித் தீட்டு அந்தப் பையனைத் தெருவோடு நிறுத்தியதோ, அந்தத் தீட்டையே ஒரு விடலைப் பயல் எடுத்து வந்து அவனை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டான். தான் என்ன செய்தோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

முதல் நாள் மம்பட்டி முறையை நானே எடுத்துக்கொண்டேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நான் படலுக்குள் போனபோது பையன்கள் வரிசையாக நின்று மரியாதையாகச் சல்யூட் அடித்தார்கள். திரும்பி வந்தபோது கை தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த நாட்கள் நன்றாகப் போயின. காலையில் பனி, மத்தியானம் கோட்டைச் சுவரில் ஏற்றம், சாயங்காலம் பக்கத்துக் காட்டில் வெங்காயம் பறிக்கிறவர்களோடு சேர்ந்து பையன்களும் உட்கார்ந்து தாள் அரிந்து கொடுத்தார்கள். அவர்கள் ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தைக் கொடுத்தனுப்பினார்கள்.

அந்த வெங்காயத்தில்தான் பார்வையாளர் நாளன்று சாம்பார் வைத்தான். பெற்றோர்கள் வந்து பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் நாள் அது. புலி அணியின் மம்பட்டி முறையும் அன்றுதான். ஆகையால் அந்தப் பையன் விடிந்ததிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. கமிட்டித் தலைவரும் தலைமை ஆசிரியரும் அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார்கள். வேறு சில பெற்றோர்கள் பஸ்ஸில் வந்தார்கள். தலைவர் கொடிக் கம்பத்தைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார், படல் பக்கம் மட்டும் போகவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் புளிய மர நிழலில் இலை போட்டோம்.

தலைவர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை சாம்பார் கேட்டு வாங்கினார். இப்படி ஒரு சாம்பார் தன் வீட்டில்கூட வைப்பதில்லை என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் தலைமை ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. சமைத்தவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். பையன் கையில் கரண்டியோடு, புகையில் சிவந்த கண்ணோடு வந்து நின்று சல்யூட் அடித்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவன் அப்பா பெயரைச் சொன்னான். என்ன வேலை என்று கேட்டார். சாரணன் பொய் சொல்லக் கூடாது என்று நான் சனிக்கிழமை தோறும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவன் சொன்னான்.

தலைவர் எழுந்தார். கை கழுவப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் போய், விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுத்தார். ஒரு தடவை எடுத்துவிட்டு, போதாது என்று மறுபடி விரலை விட்டார். அத்தனை பையன்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடுத்தவர் வாந்தியின் சத்தம் கேட்டாலே வயிறு புரண்டுவிடும். அன்று வயிறு புரளவில்லை. இத்தனை வருடம் நான் அருவருப்பு என்று நினைத்திருந்ததெல்லாம் வெறும் சுத்தக்காரன் கோணங்கித்தனம் என்று அப்போது தோன்றியது.

பஸ்ஸில் வந்த பெற்றோரில் இருவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். ஒருவர் மட்டும், பஞ்சாயத்தில் பம்ப் மோட்டார் பார்க்கிறவர், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் துண்டை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினார், திரும்பி ஓடி வந்தார். பையன் இன்னும் கரண்டியோடு அங்கேயே நின்றிருந்தான்.

"டேய், நிக்கிறியே. மம்பட்டிய எடுத்துட்டு வந்து அதை அள்ளு. ஒனக்குப் பழகின வேலைதானே."

பையன் என்னைப் பார்த்தான். அவன் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டது அவனுக்கும் தெரியும். நான் எழுந்து அவனுக்கும் தலைமை ஆசிரியருக்கும் நடுவில் நின்றேன். இன்று அது அவன் வேலை இல்லை, அவன் சமையல், சமைக்கிறவன் மம்பட்டியைத் தொடக் கூடாது, அணித் தலைவர்கள் போட்ட சட்டம் என்று சொன்னேன். சட்டமாம் என்று அவர் பல்லைக் கடித்தார். அந்தக் கோபத்தில் அவர் வேறு என்ன சொன்னார் என்பது எனக்குக் காதில் விழவில்லை. படல் பக்கமிருந்து மம்பட்டியும் ஒரு தகர டப்பாச் சாம்பலுமாக ஒருவன் வந்துகொண்டிருந்தான். கமிட்டித் தலைவரின் மகன்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் போனான். அவன் அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு இருந்தார். மகன் கையில் மம்பட்டியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. கீழே போடச் சொன்னார். அந்தக் கையால் அதைத் தொடுவதா, நீ யார் பிள்ளை தெரியுமா என்றார்.

"எங்க அணி முறைப்பா இன்னிக்கு," என்றான் அவன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வேட்டில பட்டுடும்."

முதலில் சாம்பல் தூவினான். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, மம்பட்டியைத் திருப்பி இரண்டு தட்டுத் தட்டினான். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு ஓரம்கூட விடாமல். மம்பட்டியைப் படலில் சாத்திவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். இன்னும் கரண்டியோடு நின்றவனைப் பார்த்து, பசிக்கிறது, போடுடா என்றான். அவன் போட்டான். மற்றப் பையன்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கார் கிளம்பும்போது தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். இந்த வருடத்தோடு சாரணர் படை வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார் என்றார். காரணம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. முகாமில் சுகாதாரம் போதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். பின் சீட்டில் தலைவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவர் மீசையில் சாம்பார் தோய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மேல் பெரம்பலூர்ப் பஸ்ஸிலிருந்து அந்தப் பையனின் அப்பா இறங்கி வந்தார். காலை வேலையை முடித்து, குளித்து, இரண்டு பஸ் மாறி வந்ததில் நேரமாகிவிட்டது. அதே வெள்ளைச் சட்டை. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கொடிக் கம்பத்துக்கு எட்டவே நின்றுகொண்டார். பையன்கள் தூக்குச் சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவருக்காக மகன் ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைத்திருந்தான். வந்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. சோற்றையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. படல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தொட்டானாங்க சார்?"

"இல்லைங்க," என்றேன். "தொடல."

அவர் நிழலுக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து, மகன் சமைத்த சோற்றில் கையை வைத்தார்.